பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் மழுங்கிய டூல்

மந்தாரக்குப்பம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் வெண்மதிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அதற்கு மேல் கேட்காதே. நீ புனேயில் வேளைக்குச் சாப்பிட்டு, தலைவலி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், நானும் கோபத்தில் வைத்துவிடுவேன். அதனால்தான் இந்தக் கடிதம். இதோடு ஒரு பிஸ்கட் டப்பாவும் வரும். படித்து முடித்த பிறகு அதைத் திற.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறையவில்லை. தைப்பூசத்துக்கு வடலூர் போய்க் கூட்டத்தில் நின்றதில் இன்னும் கூடிவிட்டது, சொன்னால் கேட்பதில்லை. கொடியில் போட்ட வேட்டியெல்லாம் எப்போதும் போலச் சுரங்கத்துக் கரித்தூள்தான். பட்டறையில் லேத் ஓடுகிறது. கன்வேயர் ரோலருக்கு ஷாஃப்ட் கடையும் வேலை விடாமல் வருகிறது, ஆனால் சாயங்காலம் ஷட்டரை இழுத்து மூடுவதற்கே எனக்குக் கை ஓய்ந்துபோகிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லேத் டூல் மழுங்குவதைக் கண்டுபிடிக்க நீங்கள் செய்த பெட்டியைக் கொண்டுபோய்க் காட்டிய கம்பெனியில், புது டூல் மாட்டி ஓடும்போதே அது சிவப்பு விளக்கை எரித்துக் கத்தியதும், அங்கிருந்தவர்கள் சிரித்ததும், அடுத்த மாதக் கடைசிக்குள் சரியான கணக்கு கிடைக்காவிட்டால் உங்கள் வேலையையே மூடிவிடுவோம் என்று உன் மேலதிகாரி சொன்னதும் எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அப்பாகிட்ட சொல்லாத, மனசு ஒடஞ்சிடுவாருன்னு வேறு சொன்னாயாம். என் மனசு அவ்வளவு லேசில் ஒடிகிற மனசு இல்லை. அம்மா பதினைந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, ஒருநாள் குழம்பு ஊற்றும்போது, பொண்ணு பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு இன்னாங்க சோறு துன்னுகினு இருக்கீங்க என்று கேட்டாள். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்.

நீயும் உன்னோடு வேலை செய்யும் சைமன்ராஜும் வந்து என் லேத்தில் பெட்டியை மாட்டியபோது என்ன சொன்னீர்கள் என்று யோசித்துப் பார். வெட்டுகிற சத்தத்தையும் அதிர்வையும் வைத்தே டூல் மழுங்கப்போவதை இது முன்கூட்டிச் சொல்லும், அதற்கு முதலில் மழுங்கல் சத்தம் எது என்று இது படிக்க வேண்டும், அதனால் டூலைக் கழற்றும்போதெல்லாம் இந்தப் பொத்தானை அமுக்குங்கள் என்றீர்கள். மூன்று மாதம் ஒரு நாள் தவறாமல் அமுக்கினேன். இப்போது சைமன்ராஜ் பெட்டியில் பதிந்த கணக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, இன்னா வெண்மதி, ஒங்கப்பா டூலு பத்து மணிக்கும் மூணு மணிக்கும் கரெக்டா மழுங்குது, அதுவும் டீ குடிக்கப் போவுதா என்று கேட்டானாம். அவன் கேலி செய்யட்டும், நல்ல பையன்தான். ஆனால் டூலை எதற்காகக் கழற்றுகிறீர்கள் என்று நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேட்கவே இல்லை. படித்தவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை, நானும் சொல்லவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ பிறப்பதற்கு முன்பிருந்து இருபத்திரண்டு வருஷம் நான் கான்ட்ராக்டில் வேலை செய்த ஒர்க்‌ஷாப்பில் சாணைக்கல் ஒன்றுதான் இருந்தது. அது பர்மனென்ட் ஆட்களுக்கு. அவர்கள் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீக்குப் போகிற கால் மணி நேரத்தில்தான் நாங்கள் அதைத் தொடலாம். அப்போது தீட்டாமல் விட்டு நடுவில் டூல் போய்விட்டால் சும்மா நின்று திட்டு வாங்க வேண்டும். அதனால் மழுங்கினாலும் மழுங்காவிட்டாலும் அந்த நேரத்துக்குக் கழற்றித் தீட்டிவிடுவோம். இப்போது பட்டறை என்னுடையது, சாணையும் என்னுடையது, யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் பத்து மணி ஆனால் கை தானாக ஸ்பேனரைத் தேடுகிறது. அதைக்கூட அம்மா கேட்ட பிறகுதான் நானே கவனித்தேன். நல்ல கூரோடு இருந்த டூலைக் கழற்றிப் பொத்தானை அமுக்கியிருக்கிறேன், உங்கள் பெட்டியும் கூரான சத்தத்தையே மழுங்கல் என்று படித்துக்கொண்டது. இதில் என் தப்பு என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெட்டியின் தப்பும் இல்லை.

போன மூன்று வாரமாகப் பத்து மணிக்கு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். டூலைத் தொடுவதில்லை. அது சத்தம் மாறி, சீவி விழும் இரும்புச் சுருள் நீலமாகி, ஷாஃப்ட்டில் வரி விழுந்து, நிஜமாகவே செத்த பிறகுதான் பொத்தானை அமுக்குகிறேன். முதலில் வீணான கம்பியில் பார்த்தேன், துருப்பிடித்த இரும்பில் சத்தம் வேறு மாதிரி வந்தது. அதனால் நல்ல கம்பியிலேயே ஓட்டினேன். பதினோரு ஷாஃப்ட் கெட்டன. தெரிந்தே ஒரு வேலையைக் கெடுப்பது எனக்கு இதுதான் முதல் தடவை, பார்த்துக்கொண்டு நிற்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது. சரக்கு எடுக்க வந்த சுதாகர் ஒன்றைக் கையில் தடவிப் பார்த்துவிட்டு, இன்னாண்ணே இது, கண்ணு அவுட்டா, பாண்டிச்சேரில ஓசில ஆபரேசன் பண்றாங்க, இட்டுகினு போவட்டுமா என்றான். குள்ளஞ்சாவடி வரைக்கும் போய் கோபாலகிருஷ்ணனுக்குக் கண் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறான், பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வந்து அம்மாவிடம் துக்கம் விசாரித்துவிட்டுப் போகிறாள். விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. போகட்டும்.

டப்பாவில் பதினோரு டூல் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் பெயிண்டால் நம்பர் போட்டிருக்கிறேன், எந்த நாள் எத்தனை மணிக்குச் செத்தது என்று தாளில் எழுதியிருக்கிறேன். ஏழாவது மட்டும் நடுவில் கரண்ட் போனது, அதை நம்பாதே. பெட்டியின் மெமரி கார்டு பஞ்சில் சுற்றி அடியில் இருக்கிறது. கடைசி தேதிக்கு முன்னால் உன் கையில் இருக்க வேண்டும் என்று கூரியரில் போடுகிறேன். பழைய மூன்று மாதக் கணக்கை அழித்துவிடு. இல்லை, அழிக்காதே, தனியாக வை. என்னைப் போல மணி பார்த்துத் தீட்டுகிறவன் எல்லா ஊர்ப் பட்டறையிலும் இருப்பான், உன் பெட்டி அவனிடமும்தான் போகப்போகிறது.

ராத்திரி கண் விழிக்காதே, தலைக்கு எண்ணெய் வை, அம்மாவிடம் சொல்வதை என்னிடமும் சொல். உன் வேலை நிலைத்து, எந்தக் குறையும் வராமல் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம்.

ஒன்று மறந்துவிடாதே. கணக்கு கொடுத்தவர்கள் பெயரையும் வேலையையும் கம்ப்யூட்டரில் ஏற்றுவோம் என்று பெட்டியை மாட்டிய அன்றைக்குச் சைமன்ராஜ் சொன்னான். அந்த இருபத்திரண்டு வருஷமும் லேத்தில் கடைசல் வேலை செய்தும் என் கேட் பாஸில் ஹெல்பர் என்றுதான் இருந்தது. நீ சரியாக எழுது.

இப்படிக்கு உன் அப்பா,
வீ. கோபாலகிருஷ்ணன், டர்னர்