வாற சனிக்கிழமை சொல்லுறன்

இந்தப் பருவத்தின் முதல் குளிர் நேற்று இறங்கிவிட்டது, தங்கச்சி. அலுமாரிக்குள் தொங்கிக் கிடந்த கறுப்புக் கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்று காலை கடைக்குப் போனேன். பால் மட்டும் என்றால் வாசலோடு எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பேன். மருமகள் பப்படமும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். அதனால் மார்ச் மாதத்துக்குப் பிறகு நான் கால் வைக்காத அந்த வரிசைக்குள் போகவேண்டியதாயிற்று. கண்ணாடியைத் தேடிக் கோட்டுப் பைக்குள் கையை விட்டபோது விரலில் தூள் ஒட்டியது. பிஸ்கட் தூள். உன் லண்டன் வீட்டுக் குசினியிலிருந்து வந்த தூள். அதை உதறவும் மனம் வராமல், கையை வெளியே எடுக்கவும் மனம் வராமல், இங்கிலாந்துச் சாமான் அடுக்கிய அந்தத் தட்டுக்கு முன்னால் நின்றேன்.

உனக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். நீ ஒருநாளும் வந்ததில்லை, ஆனால் என் கைத்தொலைபேசிக்குள்ளால் அந்தத் தட்டை மூலை முடுக்கெல்லாம் பார்த்திருக்கிறாய். வெளிநாட்டுச் சாப்பாடு என்று மேலே எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். ஒரு பக்கம் நம்முடைய பப்படம், தேங்காய்ப்பால். அதற்குப் பக்கத்திலேயே சின்னக் கொடி ஒட்டி, இங்கிலாந்துத் தின்பண்டங்கள். ஆண்டவனும் ஆளப்பட்டவனும் கடைசியில் கனடாவில் ஒரே வரிசையில் வெளிநாட்டுச் சாமானாக நிற்கிறார்கள் என்று நான் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பில் உன் தொலைபேசி கீழே விழுந்தது. எனக்குக் கொஞ்ச நேரம் உன் வீட்டுக் கூரை மட்டும்தான் தெரிந்தது.

அந்தத் தட்டைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நாங்கள் என்ன கதைத்தோம்? யோசித்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. ஊரிலிருந்து காசுக்கு ஆள் அனுப்பிய ஏஜென்சிக்காரன் உன்னை லண்டனிலும் என்னை ரொறொன்ரோவிலும் இறக்கிவிட்ட நாளிலிருந்து, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மற்றபடி தொலைபேசி. சாப்பிட்டாயா, என்ன கறி, அங்கே குளிரா, முழங்கால் நோ எப்படி. அதோடு சரி. பிறகு இரண்டு பக்கமும் மூச்சு மட்டும் கேட்கும். "சரியண்ணா, வைக்கட்டே?" என்பாய். வைத்த பிறகுதான் சொல்லவேண்டியதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

என் மனைவி காலமான பிறகு, ரொறொன்ரோவுக்கு வெளியே இருக்கும் ஸ்ரௌவ்வில்லுக்கு மகனோடு வந்தேன். நான் பார்த்த விமான நிலைய வேலையும் முடிந்துவிட்டிருந்தது. வீடு பெரியது, வெளிச்சமானது, குறை சொல்ல ஒன்றுமில்லை. மகனும் மருமகளும் காலையில் போனால் இருட்டித்தான் வருவார்கள். தெருவில் ஒரே மாதிரியான வீடுகள். கராஜ் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். பக்கத்து வீட்டுக்காரனின் காரை எனக்குத் தெரியும், ஆளைத் தெரியாது. நாள் முழுக்க வாய் திறக்காமலிருந்து, மாலையில் மருமகள் "மாமா, தேத்தண்ணி?" என்று கேட்கும்போது என் குரலே கரகரவென்று வேறு யாருடையது போல வரும்.

அப்படி ஒரு சனிக்கிழமைதான் அந்தத் தட்டைக் கண்டேன். ஒரு உருளைக்கிழங்குப் பொரியல் பைக்கற்றின் முன்பக்கத்தில் இறால் சுவை என்று போட்டிருந்தது. திருப்பிப் பார்த்தால் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உகந்தது என்று எழுதியிருந்தது. யாருக்காவது காட்டாமல் என்னால் இருக்க முடியவில்லை. அந்த இடத்திலேயே வீடியோவில் உன்னைக் கூப்பிட்டேன்.

"தங்கச்சி, உதென்ன கூத்து? இறாலாம், ஆனா சைவமாம்!"

நீ கண்ணைச் சுருக்கிப் பார்த்தாய். "அண்ணா, உது வெள்ளைக்காரன்ரை விரத நாள் இறால்."

"நல்லாயிருக்குமே?"

"அவசரப்பட்டு வாங்கிப் போடாதேங்கோ. வாற சனிக்கிழமை வடிவாச் சொல்லுறன். இப்ப எனக்கு உடுப்புக் காயப்போடோணும்."

அடுத்த சனிக்கிழமை அதே இடத்தில் நின்று கூப்பிட்டேன். நீ தயாராக இருந்தாய். "இறாலும் இல்லை, விரதமும் இல்லை. சீனியும் வினாகிரியும். காசைக் கரியாக்காதேங்கோ."

அதன் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. நான் ஒவ்வொரு கிழமையும் தெரியாத ஒன்றைத் தூக்கிக் காட்டுவேன். நீ அன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டாய். அடுப்பில் கறி இருக்கும், கதவில் யாரோ தட்டுவார்கள், வாற சனிக்கிழமை சொல்லுறன் என்பாய். நான் மறுபடியும் கூப்பிடவேண்டும் என்பதற்காக நீ போடும் கொக்கி அது என்று நினைத்தேன். எனக்கு அது பிடித்தும் இருந்தது. இத்தனை வருடம் லண்டனில் இருந்தவளுக்குத் தெரியாத தின்பண்டம் இருக்காது என்று நம்பினேன்.

உன் தீர்ப்புகள் எல்லாம் எனக்குப் பாடம். வயலட் பூ வாசனை மிட்டாய்க்கு, "முகத்துக்குப் பூசிற பவுடரை உருட்டி வைச்சிருக்கிறாங்கள்." பொரித்த பன்றித் தோலுக்கு, "பல்லுக் கட்டின ஆக்களுக்கு உது சரிவராதண்ணா." பம்பாய்ப் பெயர் போட்ட மிக்சருக்கு, "எங்கடை மிக்சரைக் கொண்டுபோய் உறைப்பைக் கழுவி விட்டிருக்கிறாங்கள்." மலை ஏறுகிறவர்கள் கொண்டுபோகும், சீனியில் செய்த மின்ற் கட்டி ஒன்று இருந்ததே, அதற்கு நீ சொன்னதை நினைத்து இப்போதும் தனியே சிரிப்பேன். "உங்கடை பேஸ்மென்ற் படி ஏறுறதுக்கு உவ்வளவு சீனி தேவையில்லை."

ஒருநாள் நான் சண்டைக்கு வந்தேன். "ஒண்டையும் என்னைத் தின்ன விடமாட்டாய். சின்னனிலையும் இப்பிடித்தான். நான் பந்தடிச்சிட்டு வாறதுக்குள்ளை எல்லாத்தையும் முடிச்சிட்டு, ஒண்டே ஒண்டை விட்டு வைப்பாய்."

"அம்மான்ரை சட்டமெல்லோ அது, இன்னும் வீட்டுக்கு வராத ஆளுக்கு ஒண்டு விடோணும் எண்டு," என்றாய் நீ. "எத்தினை விடோணும் எண்டு அம்மா சொல்லேல்லையே."

தின்பண்டத்தில் தொடங்கினால் மற்றக் கதையெல்லாம் தானாக வரும். நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு பால் பகுதிக்குப் போவேன், நீ கூடவே வருவாய். உன் மகளுக்கு ஷிப்ற் வேலை என்பதால் பெரும்பாலும் தனியாகத்தான் சாப்பிடுகிறாய் என்று அப்படித்தான் ஒருநாள் சொன்னாய். சாப்பிடும்போது ரிவியைச் சத்தமாகப் போடுவாயாம், தட்டில் கரண்டி படும் சத்தம் கேட்காமல் இருக்க. நானும் அப்படித்தான் என்று சொன்னேன். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஆனால் அது பழைய மௌனம் இல்லை. வைக்கட்டே என்று நீ கேட்கவில்லை.

கடைசியாக நான் காட்டியது உலர்ந்த திராட்சையை நசுக்கி ஒட்டிய அந்த மெல்லிய பிஸ்கட். "உதைப் பார், ஈ ஒட்டிக் கிடக்கிற மாதிரி." நீ முகத்தைச் சுழித்தாய். "சீ, ஆரும் தின்னுவினமே உதை? வாற சனிக்கிழமை சொல்லுறன்."

வியாழக்கிழமை உன் மகள் தொலைபேசி எடுத்தாள். நெஞ்சு நோ என்று படுத்தாயாம், எழும்பவில்லையாம். சனிக்கிழமை நான் லண்டனில், உனக்குப் பக்கத்தில்தான் நின்றேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு உன்னில் கோபம் வந்தது, தங்கச்சி. எனக்குப் பிறகு பிறந்தவள் நீ. எனக்குப் பிறகுதான் போயிருக்கவேண்டும்.

செத்த வீட்டுக்கு வந்த சனம் கலைந்த பிறகு, உன் மகள் தேத்தண்ணிக்குச் சீனி தேடி மேல் அலுமாரியைத் திறந்தாள். உள்ளே வரிசையாகப் பைக்கற்றுகள், ஒவ்வொன்றின் வாயிலும் உடுப்புக் கிளிப். இறால் பொரியல், பவுடர் மிட்டாய், பன்றித் தோல், மிக்சர், மின்ற் கட்டி. என் ஸ்ரௌவ்வில் கடைத் தட்டு அப்படியே உன் குசினிக்குள் இருந்தது.

"உதெல்லாம் உங்கடை சாமான்தான் மாமா," என்றாள்.

"என்ரையோ?"

"அம்மா உதொண்டும் தின்னமாட்டா. லண்டனுக்கு வந்த நாளிலையிருந்து புட்டும் இடியப்பமும்தானே. சனிக்கிழமை நீங்கள் ஃபோனை வைச்ச உடனை என்னைக் கடைக்குக் கலைப்பா. கொண்டு வந்தா ஒரு கடி கடிச்சுப் பாத்திட்டு அப்பிடியே வைச்சிடுவா. பிறகு கிழமை முழுக்க உங்களுக்கு என்ன சொல்லுறதெண்டு யோசிச்சுக்கொண்டு திரிவா. சீரியஸா மாமா, எனக்குச் சொல்லிப் பாத்துப் பாத்துச் சிரிப்பா."

கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். எனக்கும் அந்தத் தின்பண்டங்களில் பெரிய ஆசை ஒன்றும் இருக்கவில்லை, தங்கச்சி. உன் குரலைக் கேட்கத்தான் ஒவ்வொரு பைக்கற்றாகத் தூக்கினேன். நீ அது தெரிந்துதான் கடைக்கு ஆள் அனுப்பினாயா? இதைக் கேட்க உன்னைத் தவிர எனக்கு வேறு ஆள் இல்லை.

எழுந்து ஒவ்வொரு பைக்கற்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தொட்டுப் பார்த்த அளவுக்குத்தான் குறைந்திருந்தது. கடைசியாக ஈ ஒட்டின பிஸ்கட். கிளிப்பைக் கழற்றினேன். பைக்கற் வெறுமை போலத் தெரிந்தது. அடியில் ஒன்றே ஒன்று கிடந்தது. உன் மகளைப் பார்த்தேன். தான் தொடவில்லை என்று தலையாட்டினாள்.

சனிக்கிழமை வருவதற்கு முன்னாலேயே உனக்கு அது பிடித்துப்போயிருக்கிறது. முழுவதையும் தின்றுவிட்டு, எனக்கு ஒன்று விட்டிருக்கிறாய்.

அதை அங்கே வைத்து நான் தின்னவில்லை. டிஷ்யூவில் சுற்றிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். ரொறொன்ரோவில் இறங்கியபோது, சாப்பாட்டுச் சாமான் ஏதும் கொண்டு வருகிறீர்களா என்று அதிகாரி கேட்டான். விமான நிலையத்தில் வேலை செய்தவன் பொய் சொல்லலாமா? ஓம் என்று சொல்லி டிஷ்யூவை விரித்துக் காட்டினேன். அதற்குள் அது நாலைந்து துண்டாக உடைந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், போகச் சொல்லிக் கையைக் காட்டினான். அன்றைக்கு அலுமாரிக்குள் போன கோட்டைத்தான் இன்று போட்டிருந்தேன். டிஷ்யூ கிழிந்து, துண்டுகள் தூளாகிப் பை முழுக்கப் பரவியிருக்கின்றன.

இன்று உன்னைக் கேட்காமல் அந்த பிஸ்கட்டில் ஒரு பைக்கற் வாங்கினேன். கடை வாசலில் காருக்குள் ஏறி, ஹீற்றரைப் போட்டுவிட்டு உடைத்தேன். பெரிய இனிப்பில்லை. திராட்சை பல்லில் ஒட்டுகிறது. நீ என்ன சொல்லியிருப்பாய் என்று உன் குரலில் ஒரு வசனம் சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. இரண்டாம் தடவையும் பார்த்தேன். எனக்கு உன்னைப் போல் கதைக்க வராது. நல்லாயிருக்கு, தங்கச்சி. அவ்வளவுதான் சொல்ல வருகிறது. மிகவும் நல்லாயிருக்கு. கார்க் கண்ணாடி முழுக்க மூச்சின் ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியாமல் போகும்வரை இருந்து தின்றேன்.

பப்படம் வாங்க மறந்துவிட்டேன். சாமான் பையை மேசையில் கவிழ்த்து அடுக்கிய மருமகள், அந்தப் பைக்கற்றைத் தூக்கிக் குலுக்கிப் பார்த்தாள்.

"மாமா, உதுக்குள்ளை ஒண்டுதான் கிடக்கு. எறியட்டே?"

"வேண்டாம் பிள்ளை, வை. இன்னும் ஒராள் வரவேணும்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய், யார் வருகிறார்கள் என்று வாசல் கதவைத் திறந்து பார்த்தாள்.