மாப்பிள்ளையின் பென்டிரைவ்

ஆடி மாதம், ஞாயிறு இரவு

மருமகள் ரேவதி கம்பெனிக் கணக்கை வீட்டிலிருந்தே பார்க்கிறாள். போன மாதம் யாரோ கொடுத்த பென்டிரைவால் அவள் கம்ப்யூட்டரில் வைரஸ் ஏறிவிட்டது. இன்னொரு முறை நடந்தால் வேலை இல்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். அதனால் புதுப் பென்டிரைவைச் செருகினால் கம்ப்யூட்டர் அனுமதி கேட்கும்படி செய்திருக்கிறாள். இந்த வயதில் எழுத்துக் கற்கும் நான் படித்துப் பழக, திரையில் வருவதெல்லாம் தமிழில்.

இன்று அவள் மார்க்கெட் போயிருந்தபோது ஆந்திர எல்லையிலுள்ள தடாவிலிருந்து மாப்பிள்ளை வந்தார். கோயிலில் கூழ் ஊற்றும் நோட்டீஸைப் பிரிண்ட் எடுக்க வேண்டுமாம். நான் தடுப்பதற்குள் பென்டிரைவைச் செருகிவிட்டார். அவர் தெலுங்கில் படித்தவர். திரையைப் பார்த்து விழித்தார்.

"இன்னா மாமா போட்டுக்கிது?"

ஒருவர் என்னைப் படித்துக் காட்டச் சொன்னது இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். "அனுமதி இல்லாத கருவி. திறக்கலாமா? ஆம். இல்லை."

"ஆம் எது? காட்டு மாமா."

இந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு யாரும் எதையும் மறுத்ததில்லை. 'இல்லை'யை நானே அமுக்கினேன்.

"இன்னா பண்ணிட்ட?"

"வேணான்னுட்டேன் மாப்ளே. ரேவதிக்கு வேல பூடும்."

"என்னிய வெரட்டத்தான் படிக்கக் கத்துக்கினியா?" காபியைத் தொடாமல் போய்விட்டார்.

ரேவதி வந்து பார்த்து, எதுவும் ஏறவில்லை என்றாள். என் மகள்தான் இன்னும் போனை எடுக்கவில்லை. காலையில் சமாதானம் சொல்லத் தடாவுக்குப் போக வேண்டும். பஸ் பலகையை நானே படித்து ஏறிவிடுவேன். அங்கே இறங்கினால் எல்லாம் தெலுங்கு.