தைலத்தோடு வந்த மாத்திரை

அன்புத் தங்கை பவுனுக்கு,

மஸ்கட் மாநகரின் கிரேன் சக்கரவர்த்தி, உன் அண்ணன் ஆதிநாராயணன் எழுதுவது. நான் சுகம். நீ போனை எடுப்பதில்லை. உன் சுகத்தை உன் மகள் இளவரசி சொன்னாள்.

"மாமா, அம்மா மாத்திரயப் போட்டுக்கினு அடுப்பாண்டயே தூங்கிடுச்சு. கஞ்சி எடுக்கப்போன தங்கச்சிப் பாப்பா கையச் சுட்டுக்கிச்சு."

நான் போட்ட கூச்சலில் கடலே பத்து மைல் பின்வாங்கியது. பெற்ற பிள்ளையைவிட அந்த மாத்திரை பெரிதாடி உனக்கு? வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கி இடுப்பு நொந்தவளுக்கு, தைலத்தோடு என் முதுகுவலி மாத்திரையையும் முதன்முதலில் கொடுத்தனுப்பிய மடையன் நானேதான். என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். திங்கட்கிழமை இளவரசியோடு விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மாத்திரையை விடமுடியவில்லை என்று உன் வாயாலேயே சொல்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நீ தெளிந்து, உன் கையால் அரைத்த கேப்பை மாவு வந்து சேரும்வரை இந்தச் சக்கரவர்த்தி கஞ்சி குடிக்கமாட்டான்.

உன் அண்ணன்