ஆள்காட்டி விரல் நீளம்

சேசு மரி சூசை துணை

கராஜ் வீடு,
மேல்பிரிவு, வட்டவளை.
14-11-1961

சிசிலி அப்பாவுக்கு றோசலின் எழுதுவது. நானும் பிள்ளையும் சுகம். உங்கள் சுகம் அறிய இரண்டு கடிதம் போட்டுவிட்டேன், இது மூன்றாவது. நான் வாசலில் நிற்பதைக் கண்டால் தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார். உங்கள் கடைசிக் கடிதம் ஒக்டோபர் இரண்டாம் தேதி வந்தது. அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன் என்று பூரித்துப்போக வேண்டாம். கராஜில் ஆணியில் குத்தி வைத்திருக்கிறேன். பக்கம் முழுக்க ஆயில் பில்டரைப் பற்றித்தானே எழுதியிருந்தீர்கள், என்னைப் பற்றியா எழுதினீர்கள்?

முதலில் நல்ல சேதி. பில்டர் மாற்றியாகிவிட்டது. நேற்று நம் தோட்டத்துச் சின்னத்துரை தன் மோட்டார் சைக்கிளில் நோட்டன் பிரிட்ஜ் வரை போய் வந்தார், ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆஸ்பத்திரிக்கு ரயிலேறும்போது, "எம் எடத்த மட்டும் விட்றாத றோசலின்" என்று சொன்னீர்களே, இதுவரை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்கள் வந்து வண்டியைப் பார்த்துக்கொண்டால் வருஷக் கடைசி வரை வேறு ஆள் போடுவதில்லை என்று பெரிய கிளாக்கர் கணேசமூர்த்தி ஐயா பேசி வாங்கித் தந்த தயவு அது. நீங்களும் வந்து போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனி மாதத்திலிருந்து நீங்கள் வார்டை விட்டு ஒரு நாளும் இறங்கவில்லை என்பது எனக்கும் மாதாவுக்கும்தான் தெரியும். வேலை போனால் கராஜை ஒட்டிய இந்த வீடும் போகும். நெஞ்சு நோய்க்காரர் என்று தெரிந்தபின் வேறு எந்தத் தோட்டத்தில் உங்களைச் சேர்ப்பார்கள்? பொய் சொல்வது எனக்கு மட்டும் இனிக்கிறதா?

ஜூலையில் நான் முதல் தடவை மாற்றியது சுலபம். நீங்கள் வாங்கி வைத்திருந்த பில்டர் அலமாரியில் இருந்தது. கழற்றிய பழையதை நான் வைத்திருக்க வேண்டும், புத்தி கெட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். மழையில் நனைந்த விறகு பிடிக்கவில்லை, பில்டரின் எண்ணெய் ஊறிய கம்பளி நன்றாகப் பற்றிக்கொண்டது. இந்த முறை அளவு காட்ட ஒன்றும் இல்லை. வண்டிக்குள் இருப்பதைக் கழற்றிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமைதான் வண்டி கராஜில் நிற்கும், அன்றைக்கு ஹட்டனில் கடை பூட்டு. அதற்குத்தான் உங்களுக்கு எழுதிக் கேட்டேன். நீங்களும் பெரிய உபகாரமாக, ஆள்காட்டி விரல் நீளம் என்று எழுதினீர்கள். யார் விரல் என்று எழுத வேண்டாமா?

ஒரு சனிக்கிழமை அரைநாள் மட்டும் கொழுந்து பறித்துப் பேர் போட்டுவிட்டு ரயிலேறி ஹட்டன் போனேன். மோட்டார் சாமான் கடைக்காரர் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு பில்டர் எடுத்துப் போட்டு, எது வேண்டும் என்றார். கம்பளியைக் குழலாகச் சுருட்டி வைத்தது போல இரண்டும். நான் விரலை நீட்டி அளந்து, சின்னதை வாங்கி வந்தேன். கொழுந்து பறிக்கிற விரல் என்ன நீளம் இருக்கும்? வீட்டுக்கு வந்தபின் சந்தேகம் பிடித்தது. நீளம் குறைந்தால் ஆயில் வடிபடாமல் பக்கத்தால் ஓடிவிடும், கசடெல்லாம் எஞ்சினுக்குள் போகும் என்று நீங்களே எழுதியிருந்தீர்கள். சின்னத்துரையின் வண்டி இறுகிப்போய் மலைப்பாதையில் நின்றால் நம் கதை அத்தோடு சரி.

அப்புறம்தான் குசினிக் கதவு நிலை கண்ணில் பட்டது. வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றும்போது கறுப்புக் கையை ஊன்றி ஊன்றி வைப்பீர்களே, அந்த இடம். எத்தனை தரம் உங்களைத் திட்டியிருக்கிறேன், எத்தனை தரம் சோடாத்தூள் போட்டுத் தேய்த்திருக்கிறேன். நீங்கள் போனபிறகு தேய்க்கவில்லை. ஐந்து விரலும் அப்படியே பதிந்திருக்கிறது. சின்ன பில்டரை அந்த ஆள்காட்டி விரல் மேல் வைத்துப் பார்த்தேன். ஒரு நகம் குறைந்தது. அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன், அதை ஒளிப்பானேன். அடுத்த சனிக்கிழமை விரல் நீளத்துக்கு நூல் வெட்டிக்கொண்டு போய், பெரியதாக மாற்றி வந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க வர வேண்டிய நாள். அதுவும் இந்த வண்டிக்கே போய்விட்டது. கோபித்துக்கொண்டுதான் கடிதம் போடவில்லை என்றால், கோபத்தையாவது இரண்டு வரி எழுதிப் போடுங்கள்.

அன்றைக்குக் கராஜ் கதவை உள்ளே தாழ் போட்டேன். உங்கள் காக்கிச் சட்டையைத் துவைத்து வெளியே கொடியில் தொங்கவிட்டிருந்தேன், போகிறவர் வருகிறவர் பார்க்கட்டும் என்று. நீங்கள் எழுதியபடி எஞ்சினைச் சூடு பண்ணி, ஆயிலைத் தகரத்தில் இறக்கினேன். பில்டர் மூடி இறுகிக் கிடந்தது. ஸ்பேனரில் தொங்கியே பார்த்துவிட்டேன், பிறகு காலால் மிதித்ததும் அசைந்து கொடுத்தது. பழையது தார் போல வந்தது. அது இருந்த குழியைத் துடைக்கப் பஞ்சு வேஸ்ட் எடுத்தேன், உங்கள் எழுத்தைப் பார்த்துக் கீழே வைத்துவிட்டேன். நூல் பிரியாத துணியால்தானே துடைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். செம்பு வாஷரை அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு எடுத்தேன், மெழுகாட்டம் இளகி வந்தது. எல்லாம் பூட்டி, புது ஆயில் ஊற்றி, உதைக்கலாம் என்று எழுந்தால் கொழுந்து பறிக்கப் போகும்போது இடுப்பில் சுற்றுகிற படங்குத் துணியிலிருந்து டிங் என்று ஒன்று விழுந்தது. பில்டருக்குப் பின்னால் வைக்கிற ஸ்பிரிங்! கழற்றிய சாமான் எல்லாவற்றையும் கொழுந்துக்காரி புத்தியில் மடியில் போட்டு வைத்திருந்தேன். மறுபடியும் எல்லாவற்றையும் கழற்றினேன். கை சோர்ந்து போயிற்று. இரண்டாவது தடவை மூடியை முறுக்கும்போது வாய்க்கு வந்தபடி உங்களை ஏசினேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பத்து உதைக்கு எஞ்சின் பிடித்தது. ஆயில் டாங்கி மூடியைத் திறந்து பார்த்தேன். நீங்கள் எழுதியபடியே ஆயில் திரும்பி வந்து பீச்சியது.

பூசை நேரத்தில்தான் இத்தனையும் நடந்தது, அக்கம்பக்கம் ஆள் இருக்காது என்று. அதுவும் வினையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வந்தும் பூசைக்கு வராத மனிதர் என்று கோயிலில் உங்களைப் பற்றிப் பேச்சு. சாமியார் என்னைக் கூப்பிட்டு, "பத்திநாதனுக்கு நம்ம மேல என்ன வருத்தம்மா" என்று கேட்டார். இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குப் போக எனக்குக் காலே வரவில்லை.

இனி, எழுதக் கை வராத விஷயம். இன்று மாலை கணேசமூர்த்தி ஐயா வாசல் வரை வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சின்னத்துரைக்கு வண்டி மிகவும் பிடித்துவிட்டதாம். துரை பில்டர் மூடியைக் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, பத்திநாதன் கைப்பலம் கொஞ்சமும் குறையவில்லை, இவ்வளவு தேறிய ஆள் எதற்கு இன்னும் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான், டிசம்பர் முதல் தேதி காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் நிற்கச் சொல் என்றாராம். வராவிட்டால் கந்தப்பளையிலிருந்து ஓர் ஆள் தயாராக இருக்கிறாராம். அந்த மூடியை முறுக்கியது என் கை என்று அங்கே எப்படிச் சொல்வேன்? சரிங்க ஐயா, எழுதிப் போடுறேன் என்றுதான் சொன்னேன். உங்கள் இடத்தைப் பிடித்து வைக்கப் போய், நானே அதற்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்டில் வந்தபோது டாக்டர் இன்னும் ஆறு மாதம் என்றார். குணமாவதற்கு என்றே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததை நான் சிசிலியிடம் சொல்லவில்லை.

இருந்தாலும் கேட்கிறேன். ஒரு நாள் உத்தரவு வாங்கி வர முடியுமா? பெரட்டில் நின்று பேர் கொடுத்தால் போதும். கராஜுக்குள் சாக்கு விரித்து நாற்காலி போட்டு வைக்கிறேன், நீங்கள் உட்கார்ந்திருங்கள். கழற்றுவதும் மாட்டுவதும் நான். உங்களுக்கு இருமல் வந்தால் எஞ்சினை முடுக்கி விடுகிறேன், வெளியே கேட்காது.

வரவே முடியாதென்றால் பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லி, உங்கள் வலது கையை ஒரு தாளில் வைத்துச் சுற்றிக் கோடு போட்டு அனுப்பச் சொல்லுங்கள். நத்தார்ப் பண்டிகைக்குத் தோட்டத்தில் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடிக்கப் போகிறார்கள், கதவு நிலையையும் விட மாட்டார்கள். பில்டருக்கு அளவு வேண்டுமே என்றுதான் கேட்கிறேன். அளவுக்கு இந்தப் பழைய பில்டர் இருக்கிறது, இந்த முறை அடுப்பில் போடவில்லை. இருந்தாலும் அனுப்புங்கள்.

தேவமாதா உங்கள் தலைமாட்டில் இருந்து காப்பாளாக.

உங்கள் பதிலுக்கு வாசலில் நிற்கும்,
றோசலின்