பாதர் என்ற சொல் நம் வீட்டுக்கு வந்த வழி

இயேசு மரி சூசை துணை

அட்டுவம்பட்டி
11-2-1984

அன்பு மகள் சகாயராணிக்கு அப்பா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நாங்கள் இருவரும் சுகம். சுகம் என்றால் எனக்கு முழங்கால் வலி, உன் அம்மாவுக்கு நான், மற்றபடி ஒரு குறையும் இல்லை. பனி இன்னும் விடவில்லை, உருளைக்கிழங்குச் செடி கருகிப்போய்க் கிடக்கிறது, பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாயின் மாடு நம் வேலியைத் தாண்டி வந்து கோஸ் முழுவதையும் தின்றுவிட்டது, நான் சண்டைக்குப் போய் அவள் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். உன் கடிதம் புதன்கிழமை வந்தது. வழக்கம்போல் சத்தமாகப் படித்துக் காட்டினேன், நாலு பக்கமும் படித்து எல்லாம் நல்ல சேதிதான் என்று மடிக்கப் போனவனை உன் அம்மா தடுத்து, ஏங்க அந்த ஓரத்துல பொடிசா என்னமோ கெடக்கே அதையும் படிங்க என்றாள். எழுத்துத் தெரியாதவளுக்குத் தெரிந்த ஓரம் கண்ணாடி போட்ட எனக்குத் தெரியவில்லை. கழுத்தில் சின்னக் கட்டி, இருபத்தேழாம் தேதி ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை, நீங்கள் பாதர் பண்ணிக்கொள்ள வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய போட்டோவில் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாயே, அப்போதே அவளுக்குச் சந்தேகம், நாக்பூரில் குளிர் போலிருக்கிறது என்று அவள் வாயை அடைத்தவன் நான்.

அதே கடிதத்தில் இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். நீ பேச்சுவாக்கில் பாதர் பண்ணாதே என்று சொல்லப்போய், உன்னோடு வேலை பார்க்கும் திருநெல்வேலி டீச்சர் விழுந்து விழுந்து சிரித்து, தொந்தரவு என்று சொல்ல உங்கள் ஊரில் சாமியாரையா இழுப்பீர்கள், இது எங்கிருந்து வந்த சொல் என்று கேட்டார்களாம். இத்தனை நாளும் நான் வேலை பார்த்த வீட்டு வெள்ளைக்கார மதாம்மா எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார்கள், அப்படி வந்தது என்றுதான் உன்னிடம் அளந்து வைத்திருந்தேன். அது பொய். உண்மை அட்டுவம்பட்டி முழுவதற்கும் தெரியும், உன்னிடம் சொல்லக் கூடாது என்று பத்துப் பேரிடம் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறேன். இப்போது நானே சொல்லிவிடுகிறேன், ஏன் என்று படித்து முடிக்கும்போது உனக்குத் தெரியும்.

எழுபத்திரண்டாம் வருஷம், நீ திண்டுக்கல் ஹாஸ்டலில் சேர்ந்த புதிது. நான் அந்த மதாம்மா, கிளாரம்மா வீட்டில் தோட்ட வேலை பார்த்தேன். அமெரிக்காவிலிருந்து வந்து பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற அம்மா, ஒண்டிக்கட்டை, தமிழ் அவ்வளவாக வராது. என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும், எஸ் மேடம், நோ மேடம், மில்க், கேட், டாக், அதோடு சரக்குத் தீர்ந்தது. நான் விறகு உடைக்கட்டுமா என்று ஜாடை காட்டினாலும், வெந்நீர் போடட்டுமா என்றாலும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே டோன்ட் பாதர் என்பார்கள். எனக்குத் தெரிந்த பாதர் நம் கோயில் அருளப்பன் சாமி ஒருவர்தான், கான்வென்ட் பிள்ளைகள் அவரை அப்படித்தானே கூப்பிடும். டோன்ட் என்றால் வேண்டாம் என்பது வரைக்கும் எனக்குப் புலமை உண்டு. ஆக, அந்த அம்மா வேற சபை, நம் சாமியாரை அவர்களுக்குப் பிடிக்கவில்லை, விறகு வெட்டும்போதுகூட அந்த ஆளை நினைத்துக் கரித்துக்கொட்டுகிறார்கள் என்று நானாகக் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்ததோடு நின்றேனா, சாமியாரிடம் போய், அந்தம்மாவுக்கு உங்க பேரு சொன்னாலே ஆக மாட்டேங்குது சாமி, நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க என்று ரகசியமாக எச்சரித்துவிட்டும் வந்தேன். அவரும் பாவம், அதற்குப் பிறகு ரோட்டில் கிளாரம்மாவைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆடி மாத மழையில் ஒரு நாள் மத்தியானம் அந்த அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டு கிடந்தார்கள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து, பார்க்க முடியவில்லை. டாக்டர் டாக்டர் என்று நான் பதறினேன். அவர்கள் கண்ணில் தண்ணீர் வழிய, பாதர், பாதர் என்று முனகினார்கள். முன்னால் டோன்ட் இருந்ததோ என்னவோ எனக்குக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பாதர்தான். ஆகா, சாகிற நேரத்தில் மனம் திரும்பிவிட்டது, சாமியாரைக் கேட்கிறார்கள், ஒரு ஆத்துமத்தைக் கரையேற்றும் பாக்கியம் இந்தச் சூசைமாணிக்கத்துக்கு வாய்த்தது என்று மழையில் இரண்டு மைல் ஓடினேன், ஓடை இறக்கத்தில் உட்கார்ந்தே இறங்கினேன். சாமியார் சாப்பாட்டுக் கையோடு எழுந்து, சாகக் கிடப்பவர்களுக்கு அவஸ்தை பூசுகிற எண்ணெயை எடுத்தார். அத்தோடு விட்டேனா, கோயில்பிள்ளையிடம், எலே பெரிய சாவு, வெரசா மணியடி என்றேன். அவன் துக்க மணி அடிக்க, கேட்டவர்களெல்லாம் குடையோடு எங்கள் பின்னால் வர, உன் அம்மா முதல் ஆளாக மரிக்கிறவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கிவிட்டாள். இத்தனை பேரும் மெழுகுவத்தியோடு உள்ளே நுழைந்ததைப் பார்த்து கிளாரம்மா அலறிய அலறலில் பாதிப் பேர் வெளியே ஓடிவிட்டார்கள். சாமியார் இங்கிலீஷில் என்னமோ கேட்டார், அவர்கள் சொன்னார்கள், அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்து, ஏலே சூசை, என்னையத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லுதாங்கடா, என்னைய எங்கடா கூப்பிட்டாங்க என்றார். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

ஆனால் சாமியார் அந்த அம்மாவின் வயிற்றைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரும்பிப் போகவில்லை. ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் அவர்கள் டோன்ட் பாதர் சொல்லிக்கொண்டேதான் வந்தார்கள். குடல்வால் வெடிக்கும் நிலைமை, பொழுது சாய்ந்திருந்தால் ஆள் இல்லை என்றார் டாக்டர். வெட்கத்தில் நான் இரண்டு ஞாயிறு பூசைக்குப் போகவில்லை. தேறி வந்தபின் கிளாரம்மா என்னைக் கூப்பிட்டு, சாமியாரை வைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து இந்த வார்த்தையைச் சொல்லித்தான் பழக்கம், சொன்னதும் எல்லாரும் மரியாதையாகப் போய்விடுவார்கள், அர்த்தம் தெரியாத நீ ஒருத்தன்தான் போகவில்லை என்றார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

தாயி, இதுவரை சிரிப்பு. இனிமேல் எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். புதுச் சொல்லின் அர்த்தம் தெரிந்ததும் அதை எங்கே போட்டுப் பார்க்கலாம் என்று எனக்குக் கை அரித்தது. அந்த வாரம்தான் நீ ஹாஸ்டலிலிருந்து ஒரு கார்டு போட்டிருந்தாய், காய்ச்சலாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை, வந்து கூட்டிப் போங்கப்பா என்று. நான் பதில் கார்டில், சும்மா சும்மா எங்களைப் பாதர் பண்ணாதே, ஒழுங்காகப் படி என்று எழுதினேன். நீ சரி அப்பா என்று எழுதினாய். அதோடு சரி. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாளும் உனக்குத் தலைவலி என்றுகூட எழுதியதில்லை. என் பிள்ளைக்கு என்ன தைரியம் என்று ஊரெல்லாம் பெருமை அடித்துக்கொண்டேன். அறிவுகெட்டவன். ஊரார் வயிற்று வலிக்கு இரண்டு மைல் ஓடியவன் பெற்ற பிள்ளையின் காய்ச்சலுக்கு ஒரு கார்டு எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கட்டியைத் தடவிப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் தனியாக இருந்தாயோ. தப்பு என்னுடையது, என்னை மன்னித்துக்கொள்.

இருபதாம் தேதி கொடை ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறோம், மெட்ராஸில் மாறி இருபத்திரண்டாம் தேதி அங்கே இருப்போம். மதுரையைத் தாண்டாதவன் என்று யோசிக்காதே, பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்குவதற்குள் நான் எப்படியும் வாந்தி எடுத்துவிடுவேன், அதற்குப் பிறகு கவலையில்லை. இந்தி தெரியாவிட்டால் என்ன, எனக்கு மொழி தெரியாத இடத்தில்தான் காரியம் நடக்கிறது. உன் அம்மா இப்போதே சுக்கும் மிளகும் இடித்து வைத்துவிட்டாள். நீ ஸ்டேஷனுக்கு வராதே, குளிர் காற்றில் நிற்காதே, டாக்டர் கொடுத்த மாத்திரையை நேரம் தவறாமல் போடு. மாதாவின் காவல் உன் மேல் இருக்கட்டும், உன் நெற்றியில் சிலுவை போட்டு முத்தம் தருகிறோம். வர வேண்டாம் என்று நீ உடனே பதில் எழுதுவாய், எனக்குத் தெரியும். அது வந்து சேரும்போது வீடு பூட்டிக் கிடக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
சூசைமாணிக்கம்