பன்னிரண்டு நிமிடம் இளையவளைப் பதிவு செய்யக் கோருதல்

அனுப்புநர்:
வீ. காளிதாஸ் (வயது 52),
காளிதாஸ் மைக் செட்,
கீழப்பனையடி, திருப்புல்லாணி வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: என் தங்கை ஜெயசுதாவின் இரட்டைப் பெண்களில் இளையவளுக்குப் பிறப்புப் பதிவு கிடைக்காதது – உத்தரவு வேண்டுதல் – நியோடிமியம் என்ற உலோகத்தைச் சாட்சியாக வைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கோயில் கொடைக்கும் காதுகுத்துக்கும் மைக் செட் கட்டுகிறவன். மனு எழுதிப் பழக்கமில்லை. எங்காவது சத்தம் கூடினால் பொறுத்தருள வேண்டும்.

2. தங்கைக்கும் மிளகாய் விவசாயியான மாப்பிள்ளை பாண்டீஸ்வரனுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து, 11.02.2020 அன்று ஒரு தனியார் மருத்துவமனையில் காலை 10.20க்கு ஜெயப்பிரியாவும் 10.32க்கு வீரலட்சுமியும் பிறந்தார்கள். "ஒண்ணு வாங்குனா ஒண்ணு இலவசம்" என்று ஊரே மாப்பிள்ளையைக் கேலி பேசியது. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான்தான் என்பதையும் மறைக்கவில்லை.

3. பதிவுக்குப் போன இடத்தில் மூத்தவள் ஏறிவிட்டாள். இளையவளை ஏற்றும்போது அதே தாய், அதே தேதி, அதுவும் பெண், ஆகவே 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று கணினி திருப்பிவிட்டது. ஐந்து வருடமாக அதே பதில். அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்த ஒரு புண்ணியவான், தேதியை ஒருநாள் தள்ளிப் போட்டால் சான்றிதழ் உடனே வரும் என்றார். எனக்கும் சபலம் தட்டியது. தங்கைதான், "ஏண்ணே, ஒரே வலியிலதான ரெண்டையும் பெத்தேன். மறுநாளைக்கு இன்னொரு வலிக்கு நான் எங்கன போறது?" என்று கேட்டுத் தடுத்தாள்.

4. இப்போது இருவரும் ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைமையாசிரியை இரக்கப்பட்டு இளையவளையும் உட்காரவைத்திருக்கிறார். ஏட்டில் அவள் இல்லை. ஜெயப்பிரியா என்று வாசித்தால் இரண்டு பேரும் "உள்ளேன் டீச்சர்" என்கிறார்கள். வீரலட்சுமி என்று இதுவரை யாரும் வாசிக்கவில்லை.

5. சென்ற மாதம் ஒரு புது ஸ்பீக்கர் வாங்கினேன். உள்ளங்கைக்குள் அடங்கும் காந்தம். பழைய ஸ்பீக்கரில் இரண்டு ஆள் தூக்கும் காந்தம் செய்த வேலையை இது செய்யும் என்றார் கடைக்காரர். மலைத்துப்போய் பெட்டிக்குள் இருந்த தாளைப் பிரித்தேன். நியோடிமியம் என்று பல மொழிகளில் போட்டிருந்தது. தொண்டியில் கடை வைத்திருக்கும் ஜாபர் சாதிக், குவைத்தில் இருந்து வந்தவர், அரபு வரியை 'நியூதீமியூம்' என்று வாசித்தார். மற்றதைப் போனில் தேடிப் பார்த்தேன். ஜெர்மன்காரருக்கு நெயோடூம், ஜப்பானியருக்கு நெயோஜிமு. மூலம் கிரேக்கமாம், பொருள் 'புதிய இரட்டை'. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. சீன மொழியில் மட்டும் ஒற்றை எழுத்து. அதைப் படம் எடுத்து, சிங்கப்பூரில் வேலை செய்யும் எங்கள் ஊர் ராம்குமாருக்கு அனுப்பினேன். அவன் தன் சீன மேஸ்திரியிடம் கேட்டுவிட்டுப் போன் செய்தான்: "மாமா, இடப்பக்கம் உலோகம், வலப்பக்கம் பொம்பள. அம்புட்டுத்தான் எழுத்தே." ஒரு மொழி இரட்டை என்கிறது, இன்னொரு மொழி பெண்ணைப் பக்கத்தில் நிற்க வைக்கிறது. அன்று எனக்கு ஸ்பீக்கரைப் போட்டுப் பார்க்கவே தோன்றவில்லை.

6. இதைவிட அதிசயம், இந்த உலோகமும் கூடப்பிறந்த இன்னொன்றும் நாற்பத்து நான்கு வருடம் ஒரே உலோகம் என்றுதான் எழுதப்பட்டிருந்தன. 1885இல் வியன்னாவில் ஒருவர் பொறுமையாகப் பிரித்துப் பார்த்து, இரண்டு என்றார். உலகம் தன் ஏட்டைத் திருத்திக்கொண்டது. எந்த மொழிக்காரரும் 'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

7. ஆகவே, மருத்துவமனைக் குறிப்பைப் பார்வையிட்டு, அதே தேதியிலேயே, பன்னிரண்டு நிமிடம் பிந்தி வீரலட்சுமி பிறந்தாள் என்று எழுத உத்தரவிடுமாறு வேண்டுகிறேன். விசாரணைக்கு அழைத்தால் இருவரையும் கூட்டி வருவேன். எது யார் என்று என்னிடம் மட்டும் கேட்க வேண்டாம். தாய்மாமன் மானம் போய்விடும்.

இடம்: கீழப்பனையடி
நாள்: 07.07.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
வீ. காளிதாஸ்

இணைப்பு: மருத்துவமனைக் குறிப்பு நகல் (எடை: 2.1 கிலோ, 1.9 கிலோ).

குறிப்பு: கீழே பிள்ளைகள் இருவரின் இடது பெருவிரல் ரேகைகளையும் பதித்திருக்கிறேன். ஐயா அவர்கள் லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். முகத்தில் எனக்கே பிடிபடாத வித்தியாசம் அங்கே இருக்கிறது.