கண்ணாடிப் பெட்டிக்குள் கேப்டன்

சத்தியவேடு
6-4-1960

சிரஞ்சீவி தாட்சாயணிக்கு மாமன் வேதாச்சலம் எழுதிக்கொண்டது. நானும் உன் அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம். போன வாரம் நாங்கள் சென்னை ராஜ்ஜியத்தில் படுத்து ஆந்திராவில் கண்விழித்தோம். என்னைக் கேட்டுத்தான் எல்லைக்கல் நட்டார்கள் என்று ஊரே பேசிக்கொள்கிறது. நான் மறுக்கவில்லை.

நீ வேலை பார்க்கும் சரித்திர சங்கம் திருப்பதியில் திறக்கும் மியூசியத்தில் யுத்தத்துக்கென்று ஓர் அறை வைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். உடனே உன் நைனாவின் கேப்டன் உடுப்பைப் பார்சல் கட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். பர்மாக் காட்டில் என் மச்சான் கோவர்த்தனன் அதைப் போட்டுக்கொண்டு நின்றால் வெள்ளைக்காரன் பீரங்கியே வாயை மூடிக்கொள்ளும். பெயரைப் பெரிதாக எழுது. தெலுங்கில் எழுது, தமிழிலும் எழுது.

ஆசீர்வாதம்.
வேதாச்சலம்


திருப்பதி
15-4-1960

அன்புள்ள மாமாவுக்குத் தாட்சாயணியின் வணக்கம்.

பார்சல் வந்தது. இது கங்கையம்மன் ஜாத்திரையில் வருஷா வருஷம் நீங்கள் கேப்டன் வேஷம் கட்டும் உடுப்பு. புத்தூர் தையல்காரர் தைத்தது. காலரில் மஞ்சள் கறைகூடப் போகவில்லை. இதை எப்படி நைனாவுடையது என்று வைப்பேன்?

சித்தூர் மிஷன் சபையைச் சேர்ந்த தனராஜ் என்பவரைப் பார்த்தேன். மலேயாவில் நைனாவோடு ஒரே தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். ஜப்பான்காரர்கள் இருவரையும் சயாமில் ரயில்பாதை போட இழுத்துப் போனார்களாம். உடுக்கத் துணி இல்லாமல் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு மண் சுமந்திருக்கிறார்கள். நைனா எந்தப் படையிலும் இல்லை மாமா. காலரா வந்து செத்தார். தனராஜ், தான் கட்டியிருந்த சாக்கை இன்னும் வைத்திருக்கிறார். மியூசியத்துக்குத் தருகிறேன் என்கிறார்.

சங்கச் செயலாளரிடம் சொன்னேன். "கூலிங்க செத்ததெல்லாம் யுத்த சரித்திரமாம்மா? புதுசா சேர்ந்த தாலுக்காவிலருந்து ஒரு வீரன் வேணும். உங்க மாமனே வந்து இல்லேன்னு சொன்னா பார்க்கலாம்" என்கிறார். நான் விடப்போவதில்லை. அம்மாவிடம் நானே வந்து சொல்கிறேன். அதுவரை பொறுங்கள்.

தாட்சாயணி


சத்தியவேடு
2-5-1960

சிரஞ்சீவி தாட்சாயணிக்கு ஆசீர்வாதம்.

சாக்கா? படித்த பெண் எழுதுகிற எழுத்தா இது? மலேயாவிலிருந்து செத்த சேதி மட்டும்தான் வந்தது. எப்படி என்று யாரும் எழுதவில்லை. எப்படி என்பதை நான் கொடுத்தேன். தாலி அறுத்தவளை எந்த ஊரில் சாமி காரியத்துக்கு முன்னால் நிறுத்துகிறார்கள்? இங்கே ஜாத்திரையில் முதல் அகப்பைக் கூழை உன் அம்மா யசோதாதான் ஊற்றுகிறாள். கேப்டன் வீட்டம்மா என்று எல்லோரும் கையேந்தி வாங்குகிறார்கள். அது அந்த உடுப்பின் மகிமை. உன் சாக்கு அவளுக்கு என்ன கொடுக்கும்?

ஆகையால் நீ சித்தூர் போயிருந்த நாளில் நானே திருப்பதிக்கு வந்தேன். செயலாளரிடம் மூன்று யுத்தங்களை விவரித்தேன். மனிதர் இரண்டு முறை காபி வரவழைத்தார். உடுப்பு கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டது! ஞாயிற்றுக்கிழமை உன் அம்மாவை பஸ் ஏற்றி அனுப்புகிறேன். பார்த்துப் பூரித்துப் போவாள்.

வேதாச்சலம்


திருப்பதி
11-5-1960

மாமாவுக்கு,

அம்மா வந்தார். மலைக்குப் போய் வந்த ஒரு குடும்பம் அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தது. அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "இது எங்கண்ணன் சொக்கா. வருஷா வருஷம் நான்தான் தோய்க்கிறேன். எங்க வூட்டுக்காரரோடது எங்கடி கீது?" என்றார். செயலாளர் சிரித்து, "வயசாச்சு, பாவம்" என்றார்.

அன்றே எல்லாவற்றையும் சொல்லி சித்தூருக்கு அழைத்துப் போனேன். அம்மா அந்தச் சாக்கை மடியில் போட்டுக்கொண்டு, "கடைசியா இன்னா கேட்டாரு?" என்றார்.

"கஞ்சிம்மா. நான் எட்த்துக்கினு வர்றதுக்குள்ள போய்ட்டாரு" என்றார் தனராஜ்.

அம்மா இனி என்னோடு இருப்பார். கூழ் ஊற்ற வரமாட்டார். எனக்கும் உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை.

தாட்சாயணி


திருப்பதி
13-6-1960

தாட்சாயணிக்கு,

நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஜாத்திரை முடிந்தது. வேறு யாரோ கூழ் ஊற்றினார்கள். அம்மன் பாதிக் கூழைத்தான் குடித்தாள் என்று ஊரில் பேச்சு. சரி, பேச்சில்லை, நான்தான் சொல்கிறேன்.

இன்று மியூசியத்துக்கு வந்தேன். செயலாளரிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். "அய்யா, இது நான் கட்டின வேஷம். என் மச்சான் கூலியாளு. சயாம்ல காலராவுல பூட்டாரு."

"பெரியவரே, பெட்டி மேல பலகைல எழுதியிருக்கறதெல்லாம் உங்க வாயால வந்தது. இப்ப எல்லைத் தகராறுல யாரோ உங்க மனசைக் கலைச்சி வுட்டிருக்காங்க" என்றார்.

"தொறந்து எந்தோள்ல வெச்சிப் பாரு சாமி, அளவு சொல்லும்" என்றேன். பெட்டியைத் திறக்க உத்தரவு இல்லையாம். காவலாள் கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். படி இறங்கும்போது பார்த்தேன், ஒரு அம்மாள் பிள்ளையைத் தூக்கிக் கண்ணாடிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்து இதை எழுதி அந்தக் காவலாளிடமே கொடுத்தனுப்புகிறேன். நீ உள்ளே இருப்பாய் என்று தெரியும். வெளியே வர மனமில்லையானால் வேண்டாம். சித்தூரில் தனராஜ் வீடு எந்தத் தெரு என்று மட்டும் இதன் பின்பக்கத்தில் எழுதிக் கொடு. நான் அங்கே பேச மாட்டேன். அவர் சொல்லட்டும்.

கடை மூடும்வரை இங்கேதான் இருப்பேன்.

மாமன் வேதாச்சலம்